உயர்தரம் எழுதிவிட்டேன், புவிப்பௌதிகவியல் படிக்க ஆசை. வன்னியிலிருந்து போனவர்கள் வழி சொல்லுங்கள்

கட்டுக்கரை | திங்கள், இரவு 8.40

வணக்கம். எனக்கு முருங்கன் பக்கம். இந்த முறை கணிதப் பிரிவில் உயர்தரம் எழுதினேன். பெறுபேறு இன்னும் வரவில்லை. பொறியியல் கிடைக்க வேண்டும் என்று அம்மா நேர்த்தி வைத்திருக்கிறார். எனக்கு மனம் வேறொரு பக்கம் நிற்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்பு அப்பா தோட்டத்தில் குழாய்க்கிணறு அடித்தார். நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்தார், அது நிமிர்ந்த இடத்தில் தடி ஊன்றினார். 140 அடி போனது. வந்தது வாயில் வைக்க முடியாத உவர். அதற்காக அடைவு வைத்த அம்மாவின் சங்கிலி இன்னும் மீளவில்லை.

அடுத்த வருடம் எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கிணறு பார்க்க ஒரு குழு வந்தது. நான்கு இரும்புக் கம்பிகளை ஒரே வரிசையில் அடித்து, நடுவில் ஒரு பெட்டியை வைத்து, கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடித்துக்கொண்டே போனார்கள். அளவு நாடாவின் ஒரு முனையை நான் பிடித்தேன். "இந்த இடம் 6 ஓம் மீற்றர், கீழே கூடுது" என்று அந்த அக்கா சொன்னபோது எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. மீற்றர் பாலத்தில் நிக்குரோம் கம்பிக்குக் கண்டுபிடித்தோமே, ஒரு பொருள் மின்னோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்று சொல்லும் அதே தடைத்திறன்! அதை வைத்து வயலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

அந்தப் படிப்பின் பெயர் பிரயோகப் புவிப்பௌதிகவியல் என்று பிறகுதான் அறிந்தேன். இதற்கு எந்தக் கம்பஸுக்குப் போக வேண்டும்? உள்ளே என்ன படிப்பிக்கிறார்கள்? வேலை கிடைக்குமா? கல்லும் மண்ணும் பார்க்க நாலு வருடமா என்று அப்பா கேட்கிறார். அவருக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டும்.


முதிரை | திங்கள், இரவு 10.15

தங்கச்சி, நான் வவுனியா. பேராதனையில் புவிச்சரிதவியல் (பாறையும் மண்ணும் பற்றிய படிப்பு) படித்தேன், நிலத்தடி நீர் வேலையில் ஒன்பது வருடமாக இருக்கிறேன்.

முதலில் வழி. புவிப்பௌதிகவியல் என்ற பெயரிலேயே பட்டம் தேடிப் பல்கலைக்கழக அனுமதிக் கைநூலைப் புரட்டிக் களைக்க வேண்டாம். பேராதனை விஞ்ஞான பீடத்துக்குப் போனால் புவிச்சரிதவியலை ஒரு பாடமாக எடுத்து, பிறகு அதிலேயே சிறப்புப் பட்டம் செய்யலாம். மொறட்டுவையில் புவிவளப் பொறியியல் துறை இருக்கிறது. யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ பௌதிகவியல் படித்துவிட்டு மேற்படிப்பில் இந்தப் பக்கம் திரும்புவதும் நல்ல வழிதான். (எங்கள் வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகம்.) மேற்படிப்புக்குப் பேராதனையில் விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் இருக்கிறது. மன்னார் மாவட்ட ஒதுக்கீட்டில் உங்கள் இசட் புள்ளி எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் வரிசை போட வேண்டும்.

இப்போது உங்கள் 6 ஓம் மீற்றருக்கு வருவோம். அதில்தான் இந்தப் படிப்பு முழுவதும் இருக்கிறது.

கடல்நீரின் தடைத்திறன் ஏறத்தாழ 0.2 ஓம் மீற்றர். வெடிப்பில்லாத கருங்கல்லுக்கு ஆயிரக்கணக்கில் வரும். இடையில் எல்லாம் கலந்து கிடக்கிறது. 6 என்று வந்தால் அது முருங்கன் கறுப்புக் களிமண்ணாக இருக்கலாம், உவர்நீர் ஊறிய சுண்ணாம்புக்கல்லாகவும் இருக்கலாம். கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். களிக்குக் கீழே நல்ல தண்ணீர் கிடக்கலாம். மற்றது உங்கள் அப்பாவுக்கு நடந்தது. எது எது என்று பிரிக்க அந்த இடத்தின் பாறை தெரிய வேண்டும், பக்கத்துக் கிணறுகளின் வரலாறு தெரிய வேண்டும். நான் முதல் வருடம் வேலை செய்தபோது இலக்கத்தை மட்டும் நம்பி ஓர் இடம் காட்டினேன், வெறும் களி வந்தது. அந்த வீட்டுக்காரர் என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை, தேத்தண்ணீர் தந்து அனுப்பினார். இன்றைக்கும் ஓர் இடம் குறிக்கமுன் அவர் முகம் நினைவுக்கு வரும்.

ஆகவே பாறையைப் படியுங்கள். இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய பளிங்குருப் பாறை. அதைப் புவிச்சரிதவியலாளர் பெரும் தொகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள், அவற்றில் ஒன்றின் பெயரே வன்னித் தொகுதி. குருநாகல் பக்கத்துப் பாறைக்கும் அந்தப் பெயர்தான். நூறு கோடி ஆண்டு அளவில் பழமையானவை. 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆழத்தில் வெந்து உருமாறியவை. விரிவுரையில் முதல் தடவை அந்தப் பெயரைக் கேட்டபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். செய்தியில் மட்டும் கேட்டு வளர்ந்த பெயர் அல்லவா.

வவுனியா, ஓமந்தைப் பக்கம் இந்தப் பாறைதான். அங்கே தண்ணீர் மேலே சிதைந்த படையிலும் கீழே வெடிப்புகளிலும் மட்டும் நிற்கும். பத்து மீற்றர் தள்ளி அடித்தாலே கிணறு காய்ந்துபோகலாம். உங்கள் முருங்கனிலும் பூநகரியிலும் பாறைக்கு மேல் மயோசீன் என்ற மிகப் பிந்திய காலத்துச் சுண்ணாம்புக்கல் படிந்திருக்கிறது, அது வேறு உலகம். ஒரு பகல் பயணத்துக்குள் இரண்டையும் காலால் மிதிக்கலாம். இதைவிட நல்ல ஆய்வுகூடம் வேண்டுமா?


பாலைப்பழம் | செவ்வாய், காலை 6.05

பிள்ளை, உன் ஆர்வத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கும் இரண்டு பெண்பிள்ளைகள். காடு மேடு, வெயில், பாம்பு, தெரியாத ஊர்களில் தங்கல். தம்பி முதிரை சொல்கிற வேலை அப்படித்தானே? பொறியியல் கிடைத்தால் அதை விட்டுவிட்டு இதற்குப் போவது சரியா என்று பெற்றோர் யோசிப்பதில் பிழை இல்லை. நாங்கள் எல்லாவற்றையும் இழந்து திரும்பவும் தொடங்கினவர்கள். பிள்ளைக்கு நிச்சயமான ஒன்று வேண்டும் என்றுதான் மனம் அடிக்கும்.


வற்றாப்பளை | செவ்வாய், பிற்பகல் 1.30

ஐயா, உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. நான் கண்ணிவெடி அகற்றும் வேலையில் ஏழு வருடம் நின்றவள். எங்கள் அணியில் பாதிக்கு மேல் பெண்கள், பலர் வீட்டுக்கு ஒரே உழைப்பாளி. தலைக்கவசமும் முன்கவசமும் போட்டு முழங்காலில் இருந்து ஒரு நாளைக்குச் சில சதுர மீற்றர் நிலத்தைக் கண்ணால் அல்ல, காதால் பார்த்தோம். வெயிலும் பாம்பும் எங்களுக்கும் இருந்தன. பெண்ணால் முடியாத வேலை என்று இதைச் சொல்லாதீர்கள்.

தங்கச்சி, நாங்கள் பிடித்த கருவியும் உன் படிப்பின் ஒரு பகுதிதான் என்று பயிற்சி தந்தவர் சொன்னார். சுருளுக்குள் மாறும் மின்னோட்டம் விட்டால் மாறும் காந்தப்புலம் நிலத்துக்குள் போகும். உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் பிறந்து ஒரு சின்னப் புலத்தைத் திருப்பி அனுப்பும். அதைத்தான் கருவி சத்தமாக்கித் தருகிறது. பிளாஸ்ரிக் மிதிவெடியில் உலோகம் ஊசியளவுதான் இருக்கும். சில கிரவல் நிலத்தில் மண்ணே காந்தத் தன்மையால் கத்தும். மண்ணின் சத்தத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கேட்கப் பழக எனக்கு ஐந்து மாதம் எடுத்தது.

இன்னொன்று, இதைத் தயவு செய்து எல்லோரும் கவனியுங்கள். வன்னியில் அளவெடுக்கப் போகிறவர்கள் கம்பி அடிக்கமுன் அந்தக் காணி கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வயலும் வீதியும் பார்த்தாயிற்று, பக்கத்துப் பற்றைக்குள் நாலு கம்பிதானே என்று நினைக்கக் கூடாது. கம்பியைச் சுத்தியலால் அடிப்பது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும்.

எனக்குப் பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. நீ போ.


மல்லாவி_ஆஹன் | செவ்வாய், இரவு 11.50

மல்லாவியில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் பௌதிகவியல் முடித்து, இப்போது பிரயோகப் புவிப்பௌதிகவியலில் முதுமாணி செய்கிறேன். நெதர்லாந்தின் டெல்ஃப்ட், சுவிஸின் சூரிச், ஜேர்மனியின் ஆஹன் என்ற மூன்று பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் படிப்பு. இரண்டு வருடம், 120 பாடப் புள்ளி. முதல் அரையாண்டு டெல்ஃப்ட், அடுத்தது சூரிச், மூன்றாவது ஆஹன், கடைசி அரையாண்டு ஆய்வு. ஆங்கிலத்தில்தான் எல்லாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெட்டி கட்டி நாடு மாற வேண்டும். ஆனால் ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு கை இருக்கிறது. டெல்ஃப்டில் தெறித்து வரும் நில அதிர்வலைகளைக் கொண்டு ஆழத்தைப் படமாக்குவதில் பலம். சூரிச்சில் மேற்பரப்புக்குக் கிட்டிய அளவைகள். ஆஹனில் புவிவெப்பமும் துளைக்கிணறு அளவைகளும். ஆஹன் நகரத்திலேயே வெந்நீரூற்றுகள் இருக்கின்றன, முதல் தடவை பார்த்தபோது கன்னியா நினைவு வந்து அம்மாவுக்கு அழைப்பெடுத்தேன்.

என்ன படிப்பிக்கிறார்கள் என்று கேட்டாய். பெயரளவில் மின், காந்தம், ஈர்ப்பு, நில அதிர்வு, மின்காந்தம், ராடார். உண்மையில் எல்லாம் ஒரே கேள்விதான். மேலே நின்று எடுத்த அளவுகளிலிருந்து கீழே இருப்பதைக் கணிப்பது எப்படி? நேர்க்கணக்கு சுலபம்: இப்படி நிலம் இருந்தால் இப்படி அளவு வரும். தலைகீழ்க் கணக்குத்தான் கடினம், ஏனென்றால் ஒரே அளவுக்குப் பல நிலங்கள் பொருந்தும். முதிரை அண்ணா சொன்ன களியும் உவரும் அதன் ஒரு உதாரணம். இந்தப் பலவற்றுக்குள் நியாயமானதைத் தேர்வதற்கு அணிகள், வகையீட்டுச் சமன்பாடு, ஃபூரியர் மாற்றம், நிகழ்தகவு எல்லாம் வேண்டும். அப்புறம் நிரல் எழுதத் தெரிய வேண்டும். நான் பைதன் தெரியாமல் வந்து முதல் அரையாண்டு முழுக்க இரவில் அழுதுகொண்டு படித்தேன். நீ இப்போதே தொடங்கு. நில அதிர்வுக்கு ஒப்ஸ்பை, மின்னளவைக்குப் பைஜிம்லி என்று இலவசப் பொதிகள் இருக்கின்றன. ஒரு பழைய மடிக்கணினி போதும்.

இன்னொரு செய்தி, உன் ஊருக்காக. நெதர்லாந்தின் சீலாந்து மாகாணத்தில் மின்காந்தக் கருவியை ஹெலிகொப்ரரில் தொங்கவிட்டுப் பறந்து, நன்னீர் எங்கே முடிந்து உவர் எங்கே தொடங்குகிறது என்று மாகாணம் முழுவதற்கும் வரைபடம் போட்டிருக்கிறார்கள். நம்முடையதைப் போலக் கடலோரத் தட்டை நிலம். விரிவுரையில் அந்தப் படத்தைக் காட்டியபோது எனக்குப் பூநகரிதான் தெரிந்தது. பூநகரிக்கு அப்படி ஒரு படம் போட வேண்டும் என்பதே என் ஆசை, அதற்காகத்தான் திரும்பி வரப் போகிறேன்.

இந்தியாவையும் மறக்காதே. தன்பாத்தில் பிரயோகப் புவிப்பௌதிகவியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது, ஹைதராபாத்தில் தேசிய புவிப்பௌதிக ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.


வெண்கட்டி | புதன், மாலை 5.20

கிளிநொச்சியில் பௌதிகவியல் படிப்பிக்கிறேன், இருபது வருடத்துக்கு மேல்.

பிள்ளை, நீர் தடைத்திறனை நிலத்தில் கண்டு சிலிர்த்தது போலவே சினெல்லின் முறிவு விதியையும் பாரும். ஒரு இரும்புத் தட்டைச் சுத்தியலால் அடித்தால் அலை போகும். மேல்மண்ணில் மெதுவாக, பாறையில் வேகமாக. அவதிக் கோணத்தில் பாறையைத் தொடும் அலை பாறையின் மேல்விளிம்பாலேயே ஓடி மேலே திரும்பி வரும். கிட்ட இருக்கும் உணரிக்கு நேராகப் போன அலை முந்தும், தூரத்து உணரிக்குப் பாறையால் சுற்றிப் போன அலை முந்தும். காட்டுப் பாதையால் நேரே போகிறவர் பிந்த, சுற்றியென்றாலும் பெரிய வீதியால் போகிறவர் முந்துவதைப் போல. மேல்மண்ணில் செக்கனுக்கு 500 மீற்றர், கீழே 2500 மீற்றர், முந்துவது மாறும் தூரம் 30 மீற்றர் என்றால் பாறை ஏறத்தாழ 12 மீற்றர் ஆழத்தில். உயர்தரக் கணக்குப் போதும், நீரே செய்து பாரும்.

வேலை பற்றி அப்பா கேட்டாரல்லவா. நீர்வளச் சபை, தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை, புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், இவை எல்லாவற்றிலும் இந்த அறிவு வேண்டும். புல்மோட்டை, கொக்கிளாய்க் கரையில் இல்மனைற் மணல் இருக்கிறது. மன்னார்க் கடற்படுகையில் 2011 இல் இயற்கை வாயு கண்டார்கள், அதுவும் நில அதிர்வு அளவையால் இடம் குறித்துத் துளைத்ததுதான். குளக்கட்டில் நீர் கசிகிற இடத்தைக் கட்டை வெட்டாமல் கண்டுபிடிக்கவும் இதே மின்னளவை உதவும். வேலை வரிசையில் நின்று உடனே கிடைக்கும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். தேவை இருக்கிறது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

இன்னும் ஒன்று எழுதாமல் விட மனம் வரவில்லை. 2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவில் நிலம் பிளந்தபோது அந்த அதிர்வலை சில நிமிடத்தில் கண்டிக்குக் கிட்டப் பல்லேகலையில் இருந்த நில அதிர்வுக் கருவியில் பதிவானது. கடல் முல்லைத்தீவுக்கு வர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அந்த இரண்டு மணித்தியாலமும் எங்கள் சனத்துக்கு யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. என் வகுப்பில் மூன்று கதிரைகள் அந்தத் தவணை முழுவதும் வெறுமையாக இருந்தன. அந்தக் கருவியின் முன்னால் எங்கள் பிள்ளைகளும் இருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்லிக்கொண்டு வருகிறேன்.


றிக்வண்டி | புதன், இரவு 9.10

நான் குழாய்க்கிணறு அடிக்கிற வண்டியில் வேலை செய்கிறேன். படித்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இடத்தைக் குறித்துவிட்டுப் போய்விடாதீர்கள். அடிக்கும்போது வந்து நில்லுங்கள். பத்து அடிக்கு ஒருமுறை வெளியே வருகிற தூளை வரிசையாகக் குவித்து வைக்கிறோம். நிறம் மாறும், துருப்பிடித்தது போல் வந்தால் வெடிப்புக் கிட்ட என்று நமக்குத் தெரியும், துளைக்கிற சத்தமும் மாறும். அதை எழுதி வைத்தால் அடுத்த கிணற்றுக்கு உங்கள் கணக்குச் சரியாக வரும். எங்களிடம் எத்தனை நூறு கிணற்றின் கதை இருக்கிறது, ஒருவரும் கேட்பதில்லை.

தேங்காய் வைக்கிற ஐயாமாரையும் இழிவாகப் பேச வேண்டாம். சிலருக்கு மரத்தையும் புற்றையும் நிலச் சரிவையும் பார்த்து வந்த அனுபவம் இருக்கிறது. ஆனால் தேங்காயை நம்பி நகை அடைவு வைக்க வேண்டாம்.


கட்டுக்கரை | ஞாயிறு, இரவு 7.30

எல்லோருக்கும் நன்றி. வற்றாப்பளை அக்கா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போனவர், நேற்றுக் காலை நாலு கம்பி வெட்டி முனை கூராக்கிக் கொண்டுவந்து தந்தார்.

எங்கள் பௌதிகவியல் சேர் பள்ளிக்கூடத்து இரண்டு பல்மானிகளைத் தந்தார், 12 வோல்ற்று மின்கலம் மோட்டார்சைக்கிளில் கழற்றியது. வீட்டு மின்சாரத்தைக் கிட்டவும் கொண்டுவரக் கூடாது என்று சேர் கண்டிப்பாகச் சொன்னார். காணி எங்கள் வயல், இருபது வருடமாக உழுகிற நிலம். இருந்தாலும் கிராம அலுவலரிடம் கேட்டுக்கொண்டோம். சம இடைவெளியில் கம்பி அடித்து, வெளிக் கம்பிகளால் மின்னோட்டம் விட்டு, உள் இரண்டுக்கும் இடையில் அழுத்த வித்தியாசம் பார்த்தோம். இரண்டு தரம் பை தரம் இடைவெளி தரம் தடை, அதுதான் தடைத்திறன். வந்தது:

இடைவெளி 2 மீற்றர்: 9 ஓம் மீற்றர்
5 மீற்றர்: 7
10 மீற்றர்: 6
15 மீற்றர்: 11

கீழே கூடுகிறது! சுண்ணாம்புக்கல்லா? 10 மீற்றரில் மானி 6 மில்லிவோல்ற்றுக்கும் குறைவாகக் காட்டியது, ஆடிக்கொண்டே இருந்தது.


முதிரை | ஞாயிறு, இரவு 8.05

தங்கச்சி, முதலில் உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம்.

கூடுகிற திசை நம்பத் தக்கது, களிக்குக் கீழே சுண்ணாம்புக்கல் என்பது முருங்கனுக்குப் பொருந்தும். ஆனால் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். இடைவெளி 10 இலிருந்து 15, அதாவது ஒன்றரை மடங்கு. தடைத்திறன் 6 இலிருந்து 11, ஒன்றே முக்கால் மடங்குக்கும் மேல். படைகள் கிடையாக இருந்தால், கீழே எவ்வளவு கடினமான பாறை இருந்தாலும், இந்த ஏற்றம் இடைவெளியின் ஏற்றத்தை முந்த முடியாது. எனவே 15 மீற்றர் அளவில் பிழை இருக்கிறது, அல்லது அந்த இடத்தில் பாறை மட்டமாக இல்லை.

பெரும்பாலும் பிழைதான். நிலத்திலேயே இயல்பாகச் சில மில்லிவோல்ற்று இருக்கும், கம்பியும் மண்ணும் தொடும் இடத்திலும் பிறக்கும். உங்கள் சின்ன அளவை அது விழுங்கிவிடும். மின்கலத்தின் முனைகளை மாற்றி இன்னொரு தடவை எடுங்கள், இரண்டு வாசிப்பின் வித்தியாசத்தில் பாதிதான் உங்கள் உண்மையான அளவு. வெளிக் கம்பிகளின் அடியில் உப்புத் தண்ணீர் ஊற்றுங்கள், மின்னோட்டம் கூடும். 3, 7, 12, 20 மீற்றர் இடைவெளிகளும் வேண்டும். பிறகு அதே மையத்தில் வரிசையைக் குறுக்காகத் திருப்பி முழுவதையும் திரும்ப எடுங்கள். இரண்டு திசையும் ஒத்து வந்தால் படை மட்டம்.

வைகாசி மழை ஒன்று பெய்தால் மேல்மண் அளவு மாறிவிடும், அதற்குள் எடுத்துவிடுங்கள்.


கட்டுக்கரை | ஞாயிறு, இரவு 8.20

சரி அண்ணா. நாளை காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறமுன். குறுக்கு வரிசை பழுதாய்ப்போன குழாய்க்கிணற்றுக்குக் கிட்டவாகப் போகும், அதன் 140 அடியில் என்னென்ன வந்தது என்று அடித்தவர்களிடம் அப்பா இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்.